டியூட்டி அட்டவணை யார் கையில்?

மருத்துவமனை வன்முறை என்றால் செய்தித்தாள்களில் ஒரே காட்சிதான் வரும்: உடைந்த கண்ணாடி, தாக்கப்பட்ட மருத்துவர், கைதான உறவினர்கள். தமிழ்நாட்டில் இதற்கென்று 2008-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் தாக்குதலிலிருந்து செவிலியரையும் காக்கிறது. ஆனால் செவிலியர்களுடன் சற்று உட்கார்ந்து பேசினால், இந்த வேலையே வேண்டாம் என்று தோன்ற வைத்தது நோயாளியின் கோபம் இல்லை, உடன் வேலை பார்ப்பவர்கள் நடத்திய விதம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதே வார்டு, அதே சீருடை, அதே மேசை. அங்கே கண்ணாடி எதுவும் உடைவதில்லை என்பதால் செய்தியும் ஆவதில்லை.

காலையில் ஷிஃப்ட் மாறும் நேரத்தைப் பார்ப்போம். இரவெல்லாம் நின்ற இளம் செவிலியர் ரிப்போர்ட் சொல்ல வேண்டும். எந்தப் படுக்கையில் யார், என்ன ஊசி போட்டாயிற்று, எந்த டிரிப் எப்போது முடியும், சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது. கேட்டுக்கொள்ள வேண்டியவர் கேஸ் ஷீட்டைப் புரட்டியபடி முகம் பார்க்காமல் நிற்கிறார். “ரெண்டு மணிக்கு ஏன் சார்ட்ல எழுதலை?” அந்த ரெண்டு மணிக்கு வேறொரு படுக்கையில் ஒருவருக்கு மூச்சுத் திணறல், டியூட்டி டாக்டரை எழுப்பி, ஆக்சிஜன் வைத்து, ஆள் நிதானத்துக்கு வர மூன்றாகிவிட்டது. அதைச் சொல்ல வாயெடுக்கும்போதே, “காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்களா?” என்று நோயாளிகள் காதில் விழும்படி கேள்வி வருகிறது. பக்கத்தில் நிற்பவர் சிரிக்கிறார். பிறகு பொருள்களை எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒரு தெர்மாமீட்டர் குறைகிறது. முந்தின ஷிஃப்டிலேயே குறைந்ததுதான், ஆனால் அப்போது யாரும் எண்ணித் தரவில்லை. காசு இவர் தலையில் விழுகிறது. அடுத்த வாரப் பட்டியலைப் போய்ப் பார்த்தால் மறுபடியும் நைட்.

இதில் எதையும் தனியாக எடுத்து வைத்துப் புகார் எழுத முடியாது. முகம் பார்க்காமல் நின்றார் என்றா எழுதுவது? சிரித்தார் என்றா? தனித்தனியே அற்பமாகத் தெரிபவை நாள்தோறும் சேர்ந்து ஒருவரை நொறுக்குகின்றன. இதை எப்படி அளப்பது, ஏன் நடக்கிறது, நோயாளிக்கு என்ன ஆகிறது, எது செய்தால் குறைகிறது என்று உலகம் முழுவதும் நாற்பது ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளை வைத்துக்கொண்டு நம் வார்டுகளைப் பார்க்க வேண்டிய நேரம் இது.

அமெரிக்காவில் 1986-இல் ஜூடித் மைஸ்னர் என்ற செவிலிக் கல்வியாளர், செவிலியர் தம் குஞ்சுகளைத் தாமே தின்கிறார்களா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கேள்வி இன்றுவரை ஓயவில்லை. ஆனால் அதற்கு மூன்றாண்டு முன்பே, 1983-இல், சூசன் ராபர்ட்ஸ் ஒரு விளக்கத்தை முன்வைத்திருந்தார். பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் சிந்தனையை எடுத்துச் செவிலியருக்குப் பொருத்திய விளக்கம் அது. மேலே இருப்பவனை எதிர்க்க முடியாத கூட்டம், தன் கோபத்தைத் தன் கூட்டத்தின் மீதே காட்டும். மேலே இருப்பவனின் குணங்களை உயர்வென்று எண்ணித் தன்னைப் போன்றவரை இழிவாகப் பார்க்கும். இதற்குப் பக்கவாட்டு வன்முறை என்று பெயர் வந்தது. மருத்துவமனையில் மேலே இருப்பவர் யார் என்பதில் அன்று ஐயமே இல்லை. ஒரு செவிலியர் மருத்துவருக்கு யோசனை சொல்ல வேண்டுமென்றால்கூட, அது அவருக்கே தோன்றியதுபோலத் தெரியும்படி சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியிருந்ததை லெனார்டு ஸ்டைன் என்ற மனநல மருத்துவர் 1967-இலேயே எழுதியிருந்தார். நாற்பது வயது செவிலியர் இருபத்தைந்து வயது ஹவுஸ் சர்ஜனிடம் இன்றும் அப்படித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ராபர்ட்ஸின் விளக்கத்தில் உண்மை இருக்கிறது. அதிலேயே நின்றுவிட்டால் ஆபத்தும் இருக்கிறது. “பொம்பளைக்குப் பொம்பளைதான் எதிரி” என்ற பேச்சுக்கு அது படித்த வடிவமாக மாறிவிடும். செவிலியர்கள் பெரும்பாலும் பெண்கள், ஆகவே பொறாமை, ஆகவே சண்டை என்று நிர்வாகங்கள் கையை உதறிவிடுகின்றன. இது பொய் என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். கோட்டயம் அரசு செவிலியர் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களை மாதக்கணக்கில் சித்திரவதை செய்ததாக 2025 பிப்ரவரியில் கைதான ஐந்து மூன்றாமாண்டு மாணவர்களும் ஆண்கள். அறுவைச் சிகிச்சைத் துறைகளில் முதுநிலை மாணவர்கள் படும் பாடு ஊரறிந்தது. அங்கே மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் பெரும்பாலும் ஆண்கள்தான்.

ஆஸ்திரேலியாவின் மேரி ஹட்சின்சன் 2006 முதல் எழுதிவந்த கட்டுரைகள் இந்த விவாதத்தைத் திருப்பிவிட்டன. ராபர்ட்ஸ் முன்வைத்த இந்த ஒடுக்கப்பட்டோர் விளக்கம், பாதிக்கப்பட்ட தொழிலையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது, நிறுவனத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குகிறது என்றார் அவர். யாருக்கு ஓவர்டைம், யாருக்குப் பதவி உயர்வு, யாருடைய புகார் கிடப்பில் என்று முடிவு செய்யும் வழிகள் ஒரு சிலர் கையில் சேரும்போது, அந்தச் சிலர் ஒருவரையொருவர் காத்துக்கொள்கிறார்கள். துன்புறுத்தல் நிர்வாக நடைமுறை என்ற சட்டையைப் போட்டுக்கொள்கிறது. நான் இந்தப் பக்கம்தான். வார்டில் ஒருவரை வதைக்கக் கையை ஓங்க வேண்டியதில்லை. டியூட்டி அட்டவணை போதும்.

எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள்? எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. காரணம், எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே பதில் வருகிறது. ஸ்வீடனில் பணியிடத் துன்புறுத்தல் ஆய்வைத் தொடங்கிவைத்த ஹைன்ஸ் லேமன், வாரம் ஒருமுறையாவது, ஆறு மாதமாவது நடந்தால்தான் கணக்கு என்றார். அந்த நாடு 1993-இலேயே இதற்கென்று தனி விதி பிறப்பித்தது. லேமனின் அளவுகோலை வைத்தால் எண்ணிக்கை குறையும். கடந்த ஓராண்டில் ஒருமுறையாவது நடந்ததா என்று கேட்டால் கூடும். இங்கிலாந்தில் லின் குவைன் தேசிய சுகாதார சேவையின் ஒரு பிரிவில் நடத்திய ஆய்வில் செவிலியரில் 44 சதவீதம் பேர் அந்த ஓராண்டில் பாதிக்கப்பட்டிருந்தார்கள். மற்ற ஊழியர்களில் 35 சதவீதம். கனடாவில் ஹெதர் லாஷிங்கர் குழு 2010-இல் புதிதாக வேலைக்கு வந்த 415 செவிலியரிடம் கேட்டபோது மூன்றில் ஒருவர் ஆம் என்றார். பால் ஸ்பெக்டர் குழு 2014-இல் 136 ஆய்வுகளை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் பதில்களை, ஒன்றாகத் தொகுத்தபோது கிடைத்தது சுமார் 40 சதவீதம். அளவுகோலை எவ்வளவு இறுக்கினாலும் இது அங்கொன்று இங்கொன்றாக நடப்பது என்று யாரும் சொல்ல முடியாது.

லாஷிங்கரின் ஆய்வில் இன்னொன்றும் உண்டு. தகவல், ஆதரவு, கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, தேவையான பொருள்கள் ஆகியவை எங்கே கிடைத்தனவோ அங்கே துன்புறுத்தல் குறைவாக இருந்தது. குணத்தைவிட ஏற்பாடு முக்கியம் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

நம் ஊர் ஏற்பாடு எப்படி இருக்கிறது? போதனை மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் விதி. அரசு மருத்துவமனையில் ஓர் இரவு தங்கியிருந்த எவருக்கும் இந்த விதியின் கதி தெரியும். ஒரு வார்டு முழுவதையும் ஒருவர், மிஞ்சினால் இருவர் பார்க்கிறார்கள். படுக்கை போதாமல் தரையில் பாய் விரித்தவர்களும் அவர்கள் கணக்கில்தான். இப்படியிருக்க, ஒருவர் லீவு கேட்டால் அது இன்னொருவரின் தூக்கத்திலிருந்து எடுப்பது. உடம்பு சரியில்லை என்று ஒருவர் வரவில்லையென்றால் மீதிப் பேர் அவரைத்தான் திட்டுவார்கள். ஆளே போடாதவரை யாரும் திட்டுவதில்லை, அவர் சென்னையிலோ டெல்லியிலோ இருக்கிறார். கர்ப்பமானவரையும் கைக்குழந்தைக்காரரையும் உடன் வேலை பார்ப்பவர்களே பாரமாகப் பார்க்கும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

இதன்மேல் வேலைநிலையில் அடுக்குகள். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015-இல் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டார்கள். இரண்டாண்டில் நிரந்தரம் என்ற வாக்கு நிறைவேறாததால் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்து போராடியது பலருக்கு நினைவிருக்கும். ஒரே வார்டில், ஒரே வேலைக்கு, நிரந்தர சிஸ்டர் பல மடங்கு சம்பளம் வாங்க, பக்கத்தில் நிற்பவர் 7,700 வாங்கினால், யார் யாரிடம் வேலையைத் தள்ளுவார்கள் என்று ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. தொகுப்பூதியக்காரர் மறுத்துப் பேச மாட்டார். நாளைக்கு அவருக்கு நல்ல பேர் வேண்டும்.

தனியார் மருத்துவமனைகளில் நிலை இன்னும் மோசம். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது, பாண்டு எழுதி வாங்குவது ஆகியவற்றை எதிர்த்துத்தான் 2011, 2012-இல் கேரளச் செவிலியர்கள் தெருவுக்கு வந்தார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்டதன் விளைவாக அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் இருபதாயிரத்துக்குக் குறையாத சம்பளம் வேண்டும் என்று 2016-இல் பரிந்துரைத்தது. எத்தனை இடத்தில் அது நடைமுறையில் இருக்கிறது என்று நம் தெருவிலிருக்கும் நர்சிங் ஹோமில் கேட்டுப் பார்க்கலாம். வெளியே போக வழியில்லாதபோதுதான் துன்புறுத்தல் நீடிக்கிறது. சான்றிதழ் பெட்டிக்குள் இருந்தால் எப்படிப் போவது?

சாதி, மொழி, படிப்பு என்று மற்ற கோடுகளும் உண்டு. டிப்ளமோ முடித்து இருபது வருஷம் வேலை பார்த்த சிஸ்டருக்கும் பி.எஸ்சி. முடித்து நேற்று வந்தவருக்கும் இடையிலிருக்கும் கசப்பு எல்லா வார்டிலும் தெரியும். மூத்தவரின் அனுபவத்துக்கு நிர்வாகம் உரிய மதிப்பைத் தந்திருந்தால் அவர் தன் கசப்பை இளையவரின் மீது காட்ட வேண்டியிருக்காது. கொல்கத்தா மருத்துவமனைகளைப் பற்றிப் பாஞ்சாலி ராய் 2019-இல் வெளியிட்ட நூல், படித்த செவிலியர்கள் தங்களை ஆயாக்களிடமிருந்து பிரித்துக் காட்டிக்கொள்ள எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதைப் பதிவுசெய்கிறது. மலம் அள்ளும் வேலை யாருக்கு என்பதில் நம் சமூகம் காலங்காலமாகப் போட்ட கோடு, கையுறை போட்டபின்னும் அழியவில்லை. டெல்லியின் கோவிந்த் பல்லப் பந்த் மருத்துவமனையில் 2021 ஜூனில், பணிநேரத்தில் இந்தியோ ஆங்கிலமோதான் பேச வேண்டும், மலையாளம் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே திரும்பப் பெற்றார்கள். அது கொரோனா இரண்டாம் அலை ஓயாத நேரம். அந்த மலையாளிச் செவிலியர்கள்தான் அந்த வார்டுகளைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். கடல் கடந்து போனாலும் இது தீர்வதில்லை. இங்கிலாந்து தேசிய சுகாதார சேவையில் வெள்ளையரல்லாத ஊழியர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் உடன் பணிபுரிவோரால் துன்புறுத்தலுக்கு ஆளாவதாக அதன் சொந்தக் கணக்கெடுப்புகளே ஆண்டுதோறும் காட்டிவந்தன. அங்கே போயிருக்கும் நம் பெண்களும் அந்த எண்ணிக்கையில் அடக்கம்.

இந்த இடத்தில் மூத்த செவிலியர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும். “நாங்க திட்டித்தான் வேலை கத்துக்கிட்டோம், இல்லேன்னா உயிர் போயிருக்கும்” என்பார்கள். அது வெறும் சாக்கு இல்லை. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இன்சுலின் அளவில் ஒரு சைபர் கூடினால் ஆள் காலி. அந்த நொடியில் மூத்தவர் கத்திக் கையைத் தட்டிவிட்டால் அது கொடுமையே இல்லை. கண்டிப்புக்கும் கொடுமைக்கும் நடுவே உள்ள கோடு அதற்குப் பின் தெரியும். கத்தியவர் கொஞ்சம் கழித்துப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த ஆம்பூலை எப்படிக் கலப்பது என்று காட்டினாரா, அல்லது ஒரு மாதத்துக்கு அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாரா? சொன்னது வேலையைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா? நல்ல இன்சார்ஜ் சிஸ்டர்கள் நம் மருத்துவமனைகளில் நிறையவே இருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறையிலும் வார்டு ஓடுகிறதென்றால் அது அவர்களால்தான்.

கத்தினால்தான் வேலை நடக்கும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் உடைத்துவிட்டன. எமி எட்மண்ட்சன் 1990-களில் இரண்டு மருத்துவமனைகளின் எட்டு வார்டுகளில் மருந்துப் பிழைகளைக் கணக்கெடுத்தார். நன்றாக நடக்கும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்தது நேரெதிர்: நல்ல தலைமை உள்ள வார்டுகளில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழையைச் சொல்ல யாரும் பயப்படவில்லை, அவ்வளவுதான். பயமுள்ள வார்டில் பதிவேடு சுத்தமாக இருந்தது. நம் மருத்துவமனைகளில் சுத்தமான பதிவேட்டைப் பார்த்துப் பெருமைப்படும் அதிகாரிகளுக்கு இந்த ஆய்வை யாராவது படித்துக் காட்ட வேண்டும்.

இஸ்ரேலில் ஆரியே ரிஸ்கின் குழு 2015-இல் வெளியிட்ட சோதனை இன்னும் நேரடியானது. பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் 24 குழுக்களுக்கு, குறைமாதக் குழந்தையின் நிலை திடீரென மோசமாவதுபோல ஒரு பயிற்சி. பாதிக் குழுக்களிடம், வெளிநாட்டு நிபுணர் என்று அறிமுகமானவர் உங்கள் நாட்டு மருத்துவத்தின் தரம் தன்னைக் கவரவில்லை என்ற பொருளில் கொஞ்சம் மட்டமாகப் பேசினார். அவ்வளவுதான். அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை தருவதிலும் தெளிவாகவே பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோயிருந்தன. முன்பின் தெரியாதவரின் ஒரு சொல்லுக்கே இப்படியென்றால், தினமும் கூடவே இருப்பவரின் சொல் என்ன செய்யும்?

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் என்ன செய்தது என்பது விசாரணை ஆவணமாகவே இருக்கிறது. அவசரப் பிரிவுக்கு வருபவரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்பது மேலிடத்து இலக்கு. இலக்கு தவறினால் மேலிருந்து வசவு. அந்த வசவு மூத்த செவிலியர் வழியாகக் கீழே இறங்கியது. காத்திருந்த நேரத்தைப் பொய்யாக எழுதச் சொன்னார்கள். மறுத்து, திரும்பத் திரும்பப் புகார் எழுதிய ஹெலீன் டோனலி என்ற செவிலியரை மிரட்டியவர்கள் உடன் பணிபுரிந்தவர்களே. இரவில் பணி முடிந்து கார் வரை தனியாக நடக்கவே பயந்ததாக அவர் சாட்சி சொன்னார். அந்த மருத்துவமனையில் நோயாளிகள் குடிக்கத் தண்ணீருக்குக்கூடத் தவித்ததை ராபர்ட் ஃபிரான்சிஸ் ஆணையம் 2013-இல் விரிவாக எழுதியது. மேலிருந்து வந்த அழுத்தம் பக்கவாட்டில் திரும்பி, கடைசியில் படுக்கையில் கிடப்பவர் மீது விழுந்த கதை அது.

எது பலன் தருகிறது என்பதில் ஆய்வு இன்னும் மெலிந்தே இருக்கிறது. பாஸ்டனில் மார்த்தா கிரிஃபின் 2004-இல் புதிதாக வந்த 26 செவிலியருக்கு, அவமானப்படுத்தும்போது என்ன பதில் சொல்வது என்று அட்டையில் எழுதி அடையாள அட்டையோடு மாட்டிவிட்டார். எதிர்த்துக் கேட்கும் தைரியம் வந்தது, பலரிடம் அந்த நடத்தை நின்றது. நல்ல முயற்சிதான். ஆனால் சுமையை மறுபடியும் புதிதாக வந்தவர் தோளிலேயே வைக்கிறது. பணியிடத் துன்புறுத்தலைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்த 2017-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, தகுதியான ஆய்வுகள் ஐந்துதான் என்றும் அவற்றின் சான்று மிகவும் பலவீனமானது என்றும் சொன்னது. ஆகவே அரைநாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எந்த நிர்வாகமும் சொல்லக் கூடாது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 2005-இல் தொடங்கி, கனடாவிலும் நடத்திப் பார்த்த ஒரு முறை சற்று நம்பிக்கை தருகிறது: வார்டில் இருப்பவர்கள் எல்லோரும் மாதக்கணக்கில் ஒழுங்காகக் கூடித் தங்களுக்குள் நடப்பதைத் தாங்களே பேசித் தீர்ப்பது. கூடிப் பேச நேரம் வேண்டும், நேரத்துக்கு ஆள் வேண்டும். பேச்சு மறுபடியும் அங்கேதான் வந்து நிற்கிறது.

ஸ்டாஃபோர்டுக்குப் பின் இங்கிலாந்தில் ஒவ்வொரு மருத்துவமனை நிர்வாகத்திலும், புகார் சொல்பவரைக் காப்பதற்கென்று தனிப் பொறுப்பாளரை நியமித்தார்கள். நம்மிடம் என்ன இருக்கிறது? அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு 1996-இல் கொல்லப்பட்டபின் தமிழ்நாடு 1997-இல் ராகிங் தடைச்சட்டம் கொண்டுவந்தது. அது மாணவருக்கு. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் துன்புறுத்தலுக்கு. 2008-ஆம் ஆண்டுச் சட்டம் தாக்குதலுக்கு. செவிலியர் மாணவி தேர்வு முடித்து, பதிவு செய்து, வெள்ளைச் சீருடையில் வார்டுக்குள் நுழையும் நாளிலிருந்து, மூத்தவர் அவரைத் தினமும் அவமானப்படுத்தினால் போய் நிற்க எந்த வாசலும் இல்லை. பணியிட வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை 2019-இல் நிறைவேறி 2021-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை.

டெல்லி ஏற்கும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைச் செவிலியருக்கு முதலாளி மாநில அரசுதான். நைட் டியூட்டியும் வார விடுப்பும் முறைவைத்துச் சுழலும் அட்டவணையை ஒரு மாதம் முன்னதாகச் சுவரில் ஒட்டலாம். மாற்றினால் காரணத்தை எழுதிக் கையெழுத்திடச் சொல்லலாம். தொலைந்த தெர்மாமீட்டருக்குச் செவிலியரிடம் காசு பிடிப்பதை நிறுத்தலாம். புதிதாக வருபவருக்கு முதல் ஆறு மாதம் ஒரு மூத்தவரைத் துணையாக நியமித்து, அந்த மூத்தவருக்கு நோயாளிகளைக் குறைத்துக் கொடுக்கலாம். புகார் இன்சார்ஜ் வழியாக, கண்காணிப்பாளர் வழியாக என்று சம்பந்தப்பட்டவர் மேசையையே தாண்டிப் போகும் முறையை மாற்றி, மாவட்ட அளவில் மருத்துவமனைக்கு வெளியே ஒருவரிடம் நேராகச் சொல்ல வழி செய்யலாம். காலியிடங்களை நிரந்தரப் பணியாக நிரப்புவது ஒன்றுக்குத்தான் பெரிய பணம் வேண்டும், அதையும் செய்துதான் ஆக வேண்டும். மற்றதற்கெல்லாம் ஓர் அரசாணை போதும்.